‘ஓரத்தில் புற்று அணுக்கள் இருக்கின்றன’ – கட்டியை எடுத்த பிறகு மறுபடியும் ஆபரேஷனா?

திருச்சி_தங்கை | செவ்வாய், இரவு 10.40

அக்காவுக்கு 47 வயது. இடது மார்பில் 2.3 செ.மீ. கட்டி. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று வந்தது. மார்பை முழுவதும் எடுக்க வேண்டாம், கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்துவிட்டுப் பிறகு கரன்ட் (கதிர் சிகிச்சை) வைத்தால் போதும் என்றார் டாக்டர். அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. ஐந்து பக்கம் சரி. உட்பக்க (நடு நெஞ்சை ஒட்டிய) ஓரத்தில் மட்டும், மை பூசிய விளிம்பைப் புற்று அணுக்கள் தொடுகின்றன, அது டி.சி.ஐ.எஸ். வகை என்று போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மாமா உடைந்து போய்விட்டார். “எல்லாம் எடுத்தாச்சுன்னுதானே சொன்னாங்க, தியேட்டர் வாசல்ல தட்டுல வச்சுக் காட்டினாங்களே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நானும் பார்த்தேன். பெரிய எலுமிச்சை அளவு, மஞ்சளும் வெள்ளையுமாக. கறுப்பு நூல் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்று குட்டை, ஒன்று நீளம்.

சரியாக எடுக்காமல் விட்டுவிட்டார்களா? அது என்ன மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

அறுவை_அரங்கு | செவ்வாய், இரவு 11.25

மார்பக அறுவை சிகிச்சைதான் என் வேலை, 19 வருடமாக. அக்காவைப் பார்க்காமல் அவருடைய சிகிச்சையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பார்த்த அந்த இரண்டு நூலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

வெளியே எடுத்துவிட்டால் அந்தச் சதைக்கு மேல் எது, கீழ் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மார்பிலிருந்து முழுதாகப் பிரிப்பதற்கு முன்பே, அது இருந்த இடத்திலேயே தையல் போட்டு அடையாளம் வைப்போம். பெரும்பாலும் குட்டை நூல் மேல் பக்கம், நீள நூல் அக்குள் பக்கம். அந்த இரண்டும் தெரிந்தால் மீதி நான்கு பக்கமும் தெரிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘உட்பக்கம்’ என்று ஒரே பக்கத்தைச் சுட்டிச் சொல்ல முடிந்தது அந்த நூல்களால்தான். உங்கள் சர்ஜன் கவனமாக வேலை செய்திருக்கிறார்.

அப்படியானால் ஏன் தவறியது? கைக்குத் தட்டுப்படுவது ஊடுருவிய கட்டி மட்டும்தான். டி.சி.ஐ.எஸ். என்பது பால் குழாய்க்கு உள்ளேயே அடங்கியிருக்கும் புற்று. அது பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது, விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. கட்டியிலிருந்து குழாய் வழியாக மண்ணுக்கடியில் வேர் போவது மாதிரி ஒரு பக்கமாகப் போயிருக்கும். நாங்கள் விரலால் கட்டியை அணைத்துப் பிடித்து, சுற்றிலும் சுமார் ஒரு செ.மீ. விட்டு வெட்டுகிறோம். அந்த ஒரு செ.மீ.க்கு அப்பால் வேர் போயிருந்தால் மைக்ராஸ்கோப்தான் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் நைமேகன் நகரில் ஹாலண்ட் என்ற நோயியல் மருத்துவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். முழுவதும் எடுக்கப்பட்ட 282 மார்பகங்களை மெல்லிய துண்டுகளாக்கி எக்ஸ்ரே எடுத்துத் தேடினார். ஒரே கட்டி என்று நினைத்தவைதான் எல்லாம். அவற்றில் 121-இல் கட்டிக்கு 2 செ.மீ.க்கு அப்பாலும் புற்று அணுக்கள் இருந்தன. பிறகு கரன்ட் வைப்பது எதற்கு என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய உடம்பு அது.

மைக்குப்பி | புதன், காலை 6.50

நான் நோயியல் மருத்துவர். அந்த மை என் மேசையில் இருப்பது.

சதை வந்ததும் நூலைப் பார்த்து திசை பிடித்துக்கொள்வேன். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வண்ணம்: மேலே நீலம், கீழே பச்சை, தோல் பக்கம் மஞ்சள், தசைப் பக்கம் கறுப்பு என்று, எங்கள் லேபில் வைத்திருக்கும் கணக்குப்படி. மை ஓடாமல் பிடிக்க அசிட்டிக் அமிலம் தடவி, காய்ந்த பிறகுதான் ரொட்டி மாதிரி துண்டு போடுவேன். துண்டுகள் ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, தலைமுடியைவிட மெல்லிய சீவலாகி ஸ்லைடுக்கு வரும்போதும் அந்த வண்ணம் ஓரத்தில் கோடாக அப்படியே இருக்கும். புற்று அணு அந்தக் கோட்டைத் தொட்டால், சர்ஜனின் கத்தி புற்றின் நடுவே போயிருக்கிறது, மறுபுறமும் மிச்சம் இருக்கலாம் என்று பொருள். தொடவில்லை என்றால் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவேன்.

இதைப் படிக்கும் நோயாளி வீட்டார் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். தியேட்டர் வாசலில் ‘உள்ளே என்ன இருக்கிறது, வெட்டிக் காட்டுங்கள்’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சில இடங்களில் உறவினரின் திருப்திக்காகவே நடுவில் பிளந்து காட்டிவிட்டு ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறார்கள். பிளந்த பிறகு நான் மை பூசினால் அது பிளவுக்குள்ளும் வழியும். அப்புறம் எது உண்மையான ஓரம், எது வாசலில் உண்டான ஓரம் என்று எனக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை, வாய் குறுகிய பாட்டிலில் அழுத்தித் திணித்து, ஆட்டோவில் யார் கையிலாவது கொடுத்தனுப்புவது. அது பாட்டில் வடிவத்திலேயே இறுகி வரும். அகல வாய் டப்பாவும், சதையைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினும் வேண்டும்.

இன்னொன்று. மார்புக் கொழுப்பு மெத்தென்றது. உடம்புக்குள் உருண்டையாக இருந்தது, தட்டில் வைத்ததும் களி மாதிரி படிந்துவிடும். மேலிருந்து கீழே இருந்த 10 மி.மீ. இடைவெளி என் மேசைக்கு வரும்போது பாதியாகியிருக்கும். சர்ஜன் நிறைய விட்டுத்தான் வெட்டினேன் என்பதும் உண்மை, நான் 5 மி.மீ. என்று எழுதுவதும் உண்மை.

இரண்டுமுறை | புதன், காலை 9.15

தங்கச்சி, நான் பட்டது உங்கள் அக்கா படவில்லை என்பதற்காகவாவது இதை எழுதுகிறேன்.

ஏழு வருடம் முன்பு, ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சாதாரணக் கட்டிதான் என்று சொல்லி, ஊசிப் பரிசோதனையே இல்லாமல் எடுத்துவிட்டார்கள். நூல் ஒன்றும் கிடையாது. என் கணவரிடம் ஸ்டீல் கிண்ணத்தில் காட்டி, இரண்டாக வெட்டி உள்ளே பார்த்துவிட்டு, அவர் கையிலேயே பாட்டிலைக் கொடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தது. ‘திசை குறிக்கப்படவில்லை, ஒரு ஓரத்தில் புற்று உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். எந்த ஓரம்? யாருக்கும் தெரியாது.

சென்னைக்கு வந்தேன். அங்கே டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, “எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருந்தா ஒரு ஸ்பூன் அளவு எடுத்தாப் போதும்மா. இப்ப அந்தக் குழி முழுக்கச் சுத்தி எடுக்கணும்” என்றார். எடுத்தார்கள். புது ரிப்போர்ட்டில் ஒரே ஒரு இடத்தில் 3 மி.மீ. மிச்சம் இருந்ததாக வந்தது. மீதி எடுத்ததெல்லாம் நல்ல சதை. இப்போது வலது பக்கம் பாதிதான் இருக்கிறது. உள்ளாடைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்கிறேன்.

உயிரோடு இருக்கிறேன், அதற்கு நன்றி. ஆனால் அந்த நூல் இரண்டும் கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

வில்லிவாக்கம்_வாசகன் | புதன், பகல் 1.05

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு சிக்கல் எதற்கு? முழுவதும் எடுத்துவிட்டால் ஓரம் என்ற பேச்சே இல்லையே. இல்லாவிட்டால் சுற்றி ஒரு அங்குலம் தாராளமாக எடுக்கலாமே. என் சித்திக்கு முழுவதும் எடுத்தார்கள், 15 வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார்.

அறுவை_அரங்கு | புதன், இரவு 9.50

சித்தி நன்றாக இருப்பது பெரிய சந்தோஷம். முழுவதும் எடுப்பது தப்பான சிகிச்சை இல்லை. பல இடங்களில் பரவிய புற்று, கரன்ட் வைக்கவே முடியாத உடல்நிலை என்றால் அதுதான் சரி. ‘எடுத்தால்தான் உயிர் தப்பும்’ என்பதுதான் தவறு. அதைத் தவறென்று நிரூபிக்க ஒரு தலைமுறை பிடித்தது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் மார்பு, அடியிலுள்ள தசை, அக்குள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார். எண்பது வருடம் உலகமே அதைச் செய்தது. 1973-இல் மிலானில் வெரோனேசி 701 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்: பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் முறை, பாதிப் பேருக்கு மார்பில் கால் பகுதியை மட்டும் எடுத்துக் கரன்ட். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1976 முதல் 1,851 பெண்களை மூன்றாகப் பிரித்தது: ஒரு பிரிவுக்கு மார்பு முழுவதும் எடுப்பது, மற்ற இரண்டுக்கும் இன்னும் குறைவாக, கட்டியும் சுற்றி மெல்லிய நல்ல சதையும் மட்டும், அதில் ஒன்றுக்குக் கரன்டும். இரண்டின் 20 வருட முடிவும் 2002-இல் வந்தது. உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஃபிஷரின் ஆய்வில், கட்டியை எடுத்துவிட்டுக் கரன்ட் வைக்காதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. வைத்தவர்களில் 14.3. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரன்ட் வேண்டாம் என்று வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பதறும்.

‘தாராளமாக ஒரு அங்குலம்’ பற்றி. 2014-இல் அமெரிக்க அறுவை சிகிச்சை, கதிரியக்கச் சங்கங்கள் சேர்ந்து 33 ஆய்வுகளை, 28,162 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தன. மை மேல் புற்று இருந்தால் அதே மார்பில் திரும்ப வரும் அபாயம் குறைந்தது இரண்டு மடங்கு. ஆனால் மையைத் தொடாமல் இருந்துவிட்டால், அதற்கு மேல் 5 மி.மீ., 10 மி.மீ. என்று அகலமாக எடுத்ததால் கூடுதல் லாபம் தெரியவில்லை. அதற்கு முன் மையைத் தொடாவிட்டாலும் ‘கிட்டத்தில் இருக்கிறது’ என்றே எத்தனையோ பெண்களை மறுபடி மேசையில் படுக்க வைத்தோம், நானும்தான். ஊடுருவிய கட்டி இல்லாமல் டி.சி.ஐ.எஸ். மட்டும் இருந்தால் 2016-இல் சொன்ன கணக்கு 2 மி.மீ. அக்காவுக்கு இரண்டும் சேர்ந்திருப்பதால் ‘மையைத் தொடக்கூடாது’ என்ற விதிதான். அவருக்கு மையிலேயே இருக்கிறது. அதனால் மறு ஆபரேஷன் சரியான முடிவு.

மைக்குப்பி | வியாழன், காலை 7.10

> மையைத் தொடாமல் இருந்துவிட்டால்

டாக்டர், இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வு 68 ஆய்வுகள், 1,12,140 பேர். ஓரம் நெருங்க நெருங்க அதே மார்பில் மட்டுமில்லாமல் உடம்பில் வேறு இடத்தில் திரும்ப வருவதும் கூடியிருக்கிறது. குறைந்தது 1 மி.மீ. வேண்டும் என்றார்கள். பிரிட்டனில் 1 மி.மீ.தான் நடைமுறை. ஸ்லைடில் 0.2 மி.மீ. தள்ளியிருப்பதைப் பார்த்து ‘ஓரம் சுத்தம்’ என்று எழுத என் கை தயங்குகிறது.

அறுவை_அரங்கு | வியாழன், காலை 7.45

நியாயம். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சுத்தம், சுத்தமில்லை என்று மட்டும் எழுதாமல் எத்தனை மி.மீ., எந்தப் பக்கம், ஒரு புள்ளியிலா நீளமாகவா என்று எழுதுங்கள். பின்பக்க ஓரம் 0.5 என்றால், அதற்கடியில் தசைதான், எடுக்க மார்புச் சதை மிச்சமில்லை. உட்பக்கம் 0.5 என்று வந்து, மேமோகிராமில் (மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே) அந்தப் பக்கம் டி.சி.ஐ.எஸ். இருக்கலாம் என்று காட்டும் சுண்ணாம்புப் புள்ளிகளும் இருந்தால் மறுபடி எடுப்பேன். எண் ஒன்றே, முடிவு வேறு.

ஸ்கேன்_ரூம் | வியாழன், பிற்பகல் 3.30

சுண்ணாம்புப் புள்ளி என்ற பேச்சு வந்ததால் வருகிறேன். அக்காவின் பழைய மேமோகிராமை எடுத்துக்கொண்டு போங்கள். கட்டியிலிருந்து உட்பக்கமாக மாவு தூவினது போலப் புள்ளிகள் போகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மறு ஆபரேஷனுக்கு முன் இன்னொரு மேமோகிராம் எடுத்தால் மிச்சம் இருக்கும் புள்ளிகள் தெரியலாம். எடுக்கிற சதையைத் தியேட்டரிலிருந்தே எக்ஸ்ரேக்கு அனுப்பி, புள்ளியெல்லாம் வந்துவிட்டதா, ஓரம்வரை போகிறதா என்று தையல் போடும் முன்பே பார்க்கலாம். இதற்குச் சாதாரண மேமோகிராம் மெஷினே போதும்.

கைக்குத் தட்டுப்படாத கட்டி என்றால் ஆபரேஷன் அன்று காலை நாங்கள் இடம் காட்டுவதற்காக ஊசி வழியாக முனை வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விடுவோம். மேலே பஞ்சு ஒட்டி, கம்பியோடு நோயாளி தியேட்டருக்குப் போவார். பயமாகத்தான் இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்புவோம். பணமுள்ள இடங்களில் கம்பிக்குப் பதில் விதை அளவே உள்ள காந்தம், கதிர் வீசும் அயோடின்-125 விதை எல்லாம் வந்துவிட்டன.

தட்டுப்படுகிற கட்டிக்கும் விரலை மட்டும் நம்ப வேண்டியதில்லை. டச்சுக்காரர்கள் 134 பெண்களிடம் செய்த ‘கோபால்ட்’ என்று பெயரிட்ட ஆய்வு 2013-இல் வந்தது. கையால் தொட்டு எடுத்ததில் 17 சதவீதம் பேருக்கு ஓரத்தில் புற்று. தியேட்டரிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துக்கொண்டே எடுத்ததில் 3 சதவீதம். அந்த மெஷின் நம் ஊரில் அநேகமாக எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. ஆனால் டி.சி.ஐ.எஸ். பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தெரியாது. அக்கா விஷயத்தில் இது காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கும்பகோணம்_மகன் | வியாழன், இரவு 8.20

அம்மாவுக்கு 5 செ.மீ. கட்டி. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் என்கிறார்கள். முழுசாகக் கரைந்துவிட்டால் எங்கே வெட்டுவார்கள்?

ஸ்கேன்_ரூம் | வியாழன், இரவு 8.55

தம்பி, இதை நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள். கீமோ தொடங்கும் முன், தாமதமானால் கட்டி இன்னும் தெரியும்போதே, அதன் நடுவில் அரிசியைவிடச் சின்ன உலோகக் கிளிப் ஒன்றை ஊசி வழியாக வைத்துவிட வேண்டும். கட்டி மறைந்தாலும் கிளிப் இருக்கும். மறைந்த பிறகு என்னிடம் வந்து ‘இங்கேதான் எங்கேயோ இருந்தது’ என்றால் நான் என்ன செய்வேன்?

அறுவை_அரங்கு | வியாழன், இரவு 10.10

சிலருக்குக் கட்டி பனிக்கட்டி மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே கரைந்து சின்னதாகும். சிலருக்கு அங்கங்கே தீவு தீவாக மிஞ்சும். இரண்டாவது வகையில் ஓரம் பிடிப்பது கஷ்டம், அதனால் ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. கேட்பேன். கீமோவுக்கு முன்பிருந்த 5 செ.மீ. முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, மிஞ்சியதை எடுத்தால் போதும்.

மேசையில் இருக்கும்போதே தெரிந்துகொள்ள முடியாதா என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே சதையை உறையவைத்துப் பார்ப்பது உண்டு. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இதை எல்லாருக்கும் செய்து, 30 நாளுக்குள் மறு ஆபரேஷனை 3.6 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒப்பிட்ட மற்ற ஆஸ்பத்திரிகளில் 13.2. ஆனால் அங்கே தியேட்டருக்குப் பக்கத்திலேயே நோயியல் ஆட்கள் காத்திருக்கிறார்கள். கொழுப்பு சரியாக உறையாது, சீவும்போது நொறுங்கும். பழகிய ஆள் இல்லாமல் இதை நம்புவது ஆபத்து. ஒளிரும் மருந்து ஏற்றிக் குழியைப் பார்க்கும் கருவிக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நமக்கு எட்ட நாளாகும்.

எனக்குப் பிடித்தது கருவியே வேண்டாத வழி. கட்டியை எடுத்த பிறகு அந்தக் குழியின் சுவர்களிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு மெல்லிய சீவல் எடுத்து, பெயர் எழுதிய தனித்தனி டப்பாவில் அனுப்புவது. யேல் பல்கலைக்கழகத்தில் 235 பேரிடம் செய்தார்கள், 2015-இல் வெளியானது. சர்ஜன் தன் வேலை முடிந்தது என்று சொன்ன பிறகுதான் குலுக்கல். சீவல் எடுக்காதவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஓரத்தில் புற்று, எடுத்தவர்களில் 19. மறு ஆபரேஷன் 21-லிருந்து 10 ஆனது. அதைப் படித்த பிறகு நான் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். செலவு என்று பார்த்தால் ஆறு டப்பாவும், மைக்குப்பி டாக்டரின் ஒரு மணி நேரமும்தான்.

மைக்குப்பி | வியாழன், இரவு 10.30

தாராளமாக அனுப்புங்கள். சீவலில் எது புது ஓரம் என்று அந்தப் பக்கத்தில் ஒரு தையல் மட்டும் போட்டு அனுப்புங்கள். பல பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டுமுறை | வெள்ளி, காலை 10.00

டாக்டர், ஒரே ஒரு கேள்வி. எனக்கு இழந்ததை இழந்தாகிவிட்டது. மற்ற பெண்களுக்காகக் கேட்கிறேன். நிறைய எடுக்க வேண்டியிருந்தால் வடிவம் கெடாமல் செய்ய வழி உண்டா?

அறுவை_அரங்கு | வெள்ளி, இரவு 11.15

உண்டு அம்மா. மார்பில் ஐந்தில் ஒரு பங்குவரை எடுத்தால் பக்கத்துச் சதையை நகர்த்திக் குழியை மூடலாம். அதற்கு மேல் என்றால், பெரிய மார்பைச் சின்னதாக்கும் அறுவை முறையிலேயே கட்டியையும் சேர்த்து எடுத்து, மறுபக்கத்தையும் ஈடாகச் செய்யலாம். சின்ன மார்பானால் அக்குளுக்குக் கீழே விலாப் பக்கச் சதையைத் திருப்பிக் குழியில் நிரப்பலாம். பாரிஸில் கிரிஷ்ணா க்ளஃப் இந்தக் கணக்குகளை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார். தாராளமாக எடுக்க முடிவதால் ஓரமும் சுத்தமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: சதையை நகர்த்திய பிறகு ஓரம் சரியில்லை என்று வந்தால் பழைய குழி எங்கே என்று தேடுவது கடினம். அதனால் நகர்த்தும் முன்பே குழிச் சுவர்களில் கிளிப் வைத்துவிட வேண்டும்.

உங்களுக்கும் இழந்தாகிவிட்டது என்று முடித்துவிடாதீர்கள். கரன்ட் வைத்த மார்பில் வேலை கடினம்தான், ஆனாலும் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துச் செலுத்துவது போன்ற வழிகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரை ஒருமுறை பாருங்கள்.

திருச்சி_தங்கை | 23 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 6.20

எல்லாருக்கும் நன்றி. அன்று இரவே அக்காவிடம் சொன்னோம். அழுதாள். பிறகு, “எந்தப் பக்கம்னு தெரியுமா?” என்று கேட்டாள். உட்பக்கம் என்றேன். “அப்ப அங்க மட்டும்தானே” என்றாள்.

பழைய மேமோகிராமில் புள்ளிகள் உட்பக்கமாகப் போனது தெரிந்தது. டாக்டரே பார்த்துவிட்டு, இதை நான் முன்னமே இன்னும் கவனித்திருக்கணும் என்று நேராகச் சொன்னார். மாமாவுக்கு அந்த ஒரு வார்த்தையில் கோபம் போய்விட்டது. பழைய தழும்பு வழியாகவே இரண்டாவது ஆபரேஷன். இந்த முறை தியேட்டர் வாசலில் தட்டைக் கொண்டுவந்தபோது மாமா, “வெட்ட வேண்டாம், அப்படியே அனுப்பிடுங்க” என்றார். ரிப்போர்ட்: மிச்சம் 4 மி.மீ. டி.சி.ஐ.எஸ்., புது ஓரத்துக்கு 6 மி.மீ. தள்ளி. உருவம் பெரிதாக மாறவில்லை.

அடுத்த வாரம் கரன்டுக்கு சி.டி. ஸ்கேன். ஆனால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அது பரவாயில்லையா?

லினாக்_மேசை | ஞாயிறு, இரவு 7.05

கதிரியக்கப் பிரிவில் வேலை செய்கிறேன். அக்காவின் கை மேலே போயே ஆகவேண்டும், அந்த நிலையில்தான் தினமும் படுக்க வைப்போம். இன்றிலிருந்தே சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வது போல மேலே ஏறச் சொல்லுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நாளைக்கு அதைத் தாண்டப் பார்க்கட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை, வலி தாங்குகிற அளவு.

சர்ஜன் குழியில் கிளிப் வைத்தாரா, எத்தனை என்று ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். அதையும் இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். மார்பு முழுவதற்கும் கொடுத்த பிறகு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள் கொடுப்பது உண்டு. அந்த இடத்தை நாங்கள் கிளிப்பை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

திருச்சி_தங்கை | ஞாயிறு, இரவு 9.30

குறிப்பில் ஐந்து கிளிப் என்று இருக்கிறது. சமையலறைச் சுவரில் முதல் கோடு போட்டாயிற்று. தோளுக்கு ஒரு சாண் மேலே.